மஞ்சள் தாளில் கண் இல்லை

மூன்றாவது ஆணியும் வளைந்துவிட்டது. புஷ்பம் அதைப் பிடுங்கி, முன்னால் வளைந்த இரண்டோடு சேர்த்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். சுவர் லேசுப்பட்ட சுவர் இல்லை. மாமனார் உயிரோடு இருந்தபோது கூடவே நின்று கட்டிய வீடு; மனுஷன் வாழ்நாளில் யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை என்று சொல்வார்கள், அந்தத் தாராளத்தை எல்லாம் சேர்த்து வைத்து சிமெண்டில் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மணி மூன்றே கால். புருஷன் மாரிக்கனி அச்சாபீசிலிருந்து வர ஆறு ஆகும். ஏழு மணிக்குத் திருப்பூரிலிருந்து அவனுடைய பெரியப்பா மகன் ராஜதுரை போன் பண்ணுவார். பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குச் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, வருகிறாயா இல்லையா, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முடிவைச் சொல்லிவிடு என்று சொல்லியிருந்தார். மாரிக்கனியும் வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறான். காலையில் சாப்பிடும்போது இட்லியிடம் சொல்வதைப் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன்." புஷ்பம் சட்னியை ஊற்றினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவன் தெரு திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றாள். அப்புறம் கடைக்குப் போய்க் கான்கிரீட் ஆணி வாங்கி, பக்கத்து வீட்டுச் சீனியம்மாக்காவிடம் சுத்தியல் இரவல் வாங்கி, சோறு வடித்து முடித்து, பீரோவுக்குப் பின்னால் நான்கு நாளாக ஒளித்து வைத்திருந்த நான்கு படங்களையும் எடுத்துக் கட்டிலில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். அவன் வருவதற்குள் இவை சுவரேற வேண்டும். அவன் பார்க்க வேண்டும். பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சுவரில் நான்கு படம் தொங்குவதைப் பார்த்து ஒருவன் திருப்பூர் போகாமல் இருந்துவிடுவானா? இருந்தாலும் இருக்கலாம். இல்லாவிட்டால் சுவரெல்லாம் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். நான்காவது ஆணியை எடுத்து வைத்துக்கொண்டு, விரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அடித்தாள்.

நான்கும் ஒரே அம்மன்தான். கையில் கிளியோடு நிற்கிற மீனாட்சி, அடுத்த வருஷக் காலண்டருக்கு அச்சடித்தது. ஆனால் ஒரு தாளில் மஞ்சள் மட்டும், ஒன்றில் சிவப்பு மட்டும், ஒன்றில் நீலம் மட்டும், ஒன்றில் கருப்பு மட்டும். ஒரு காலண்டர் படம் இப்படி நான்கு தடவை மிஷினுக்குள் போய் வருகிறது என்பது சிவகாசியில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். தை மாதம் கழுத்தில் தாலி ஏறி அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவளுக்கு யார் சொல்வது? கட்டிக்கொண்டவன்தான் சொல்ல வேண்டும். அவனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவன். ஆவணியில் ஒரு நாள் நான்கு தாளையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, "வேஸ்ட் தாளு. அடுக்களத் தட்டுல விரி" என்று கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். மேலே இருந்தது மஞ்சள். ஏதோ மஞ்சள் கறை படிந்த காகிதம் என்று நினைத்து விரித்து, உப்பு ஜாடியையும் புளிப்பானையையும் அதன்மேல் வைத்தாள். மறுநாள் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தபோது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கன்னம் தெரிந்தது. கன்னம், அதற்குக் கீழே மோவாய், மேலே நெற்றி, நெற்றியில் சுட்டி. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் காகிதம். கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. அம்மன் முகத்தில் உப்பு ஜாடியை ஏற்றி வைத்தோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பானைகளை இறக்கி, தாளைத் துடைத்து, அவன் வந்ததும் காட்டினாள். அன்றைக்குத்தான் அது நடந்தது. எட்டு மாதத்தில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியிராத மனுஷன் மற்ற மூன்று தாளையும் தரையில் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துத் தாளின் மேல் கவிழ்த்து, "இங்க பாரு" என்றான்.

அந்த லென்ஸை அவள் அதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் பேனா சொருகுகிற இடத்தில் அவன் அதை வைத்திருப்பான், அரை விரல் உயரத்துக்கு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவளை ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தபோது அதில் இருந்த பிள்ளையாரைக் கால் மணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு "சிவப்பு தள்ளியிருக்கு" என்று சொன்னானாம், அப்பா வந்து சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளைக்கு உன்னைவிடப் பிள்ளையார் மேலதான் கவலை என்று அக்கா கேலி செய்தாள். அந்த லென்ஸுக்குள் அன்றைக்கு அவள் குனிந்து பார்த்தபோது அம்மன் இல்லை, கன்னம் இல்லை, புள்ளிகள்தான் இருந்தன. வரிசை வரிசையாகப் புள்ளிகள், சில பெரிசு, சில கடுகைவிடச் சின்னது, எங்கே நெருங்கியிருக்கிறதோ அங்கே நிழல், எங்கே விலகியிருக்கிறதோ அங்கே வெளிச்சம். அவன் பேசிக்கொண்டே போனான். "பச்சைன்னு மையே கிடையாது பாத்துக்க. மஞ்சத் தாளுல கிளி மஞ்சளா இருக்கும், நீலத் தாளுல நீலமா இருக்கும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்தாத்தான் கிளி பச்சையாகும்." கண் எங்கே என்று கேட்டாள். "கண்ணு கடைசியில, கருப்புலதான் வரும். ஒரு மயிரிழை தள்ளிப்போச்சுன்னா அம்மனுக்கு மாறுகண்ணு ஆயிரும்." மூலைகளில் இருந்த சின்னச் சிலுவைக் குறிகளைக் காட்டினான், நான்கு நிறத்திலும் அந்தக் குறி ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டுமாம், நாலு குறி ஒரே குறியாகத் தெரிய வேண்டுமாம், அதற்காகத்தான் நாள் முழுக்க மிஷின் பக்கத்தில் நின்று தாளை உருவி உருவிப் பார்க்கிறானாம். இருபதாயிரம் தாளுக்கும். புஷ்பம் அவன் பேசுவதைக் கேட்டாளா, பேசுகிற முகத்தைப் பார்த்தாளா என்று தெரியாது. அந்த முகத்தை அதற்கு முன்னால் அவள் பார்த்ததில்லை. இந்த மனுஷனையா பத்து நாளைக்கு முன்னால் அக்காவிடம் போனில் ஊமைச்சாமி என்று சொன்னோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்றையிலிருந்து அவன் வீட்டுக்கு வந்ததும் முதலில் அவன் நகத்தைத்தான் பார்ப்பாள். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் மை நிற்கும். நீலமா, இன்றைக்கு நீலம் ஓடியிருக்கிறது. சிவப்பா, சிவப்பு. கருப்பு என்றால் இன்றைக்கு எங்கோ ஒரு சாமிக்குக் கண் வந்திருக்கிறது. சோறு போடும்போது அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவாள். அதைச் சொல்லியிருக்கிறாளா? இல்லை. சோறு போதுமா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா, இதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆணி இறங்கியது. நான்காவது ஆணி நேராக இறங்கிவிட்டதில் அவளுக்கே ஆச்சரியம். அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. கருப்புத் தாளை எடுத்து மாட்டினாள், அதில்தான் கண் இருக்கிறது, வீட்டுக்குள் வருகிறவர்களை முதலில் பார்க்கிறவள் கண்ணோடு இருக்கட்டும். அடுத்த ஆணிக்கு இடம் பார்க்க ஒரு ஜாண் அளந்தாள், இன்னொரு ஜாண், சுண்டுவிரல் நகத்தால் சுவரில் கீறி வைத்தாள். சட்டம் போட்டுக் கொடுத்த கடைக்காரர் சரியான ஆள். "இதுல ரூபமே இல்லையேம்மா, ரிஜெக்ட் தாளா? நல்ல படம் அட்டகாசமா இருக்கே, அதுக்குப் போடுங்க" என்று கடைச் சுவரில் மாட்டியிருந்த மயிலைக் காட்டினார். வேண்டாம் அண்ணாச்சி, இதுக்குத்தான் என்றாள். அப்படியானால் ஓரத்தையாவது வெட்டிவிடுகிறேன், குறியும் கோடுமாக அசிங்கமாக இருக்கிறது என்று கத்தியை எடுத்துவிட்டார். அவள் ஐயோ என்று கத்திய கத்தலில் கடைக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஓரத்தில்தானே அந்தக் குறி இருக்கிறது, அதை வெட்டிவிட்டால் அப்புறம் அவன் எதைப் பார்ப்பான்? "வெட்டாதீங்க. அப்படியே இருக்கட்டும்." எதற்கு என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் பார்க்கிற இடம் அதுதான் என்று ஊரார் மத்தியில் எப்படிச் சொல்வது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிறவள் மாதிரி முகம் சிவந்து நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே சட்டம் போட்டார். ஐந்தாவது ஆணி சுத்தியலுக்குத் தப்பித் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இந்தத் திருப்பூர் நினைப்பெல்லாம் ஒரு மழை நாளில்தான் ஆரம்பித்தது. ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது; ஈரத்துக்குத் தாள் கொஞ்சம் நீளுமாம், காகிதம் நீளும் என்று யார் நினைப்பார்கள், நீளுமாம். மூன்று நிறம் ஏறிக் காய்ந்த தாளுக்குக் கருப்பு ஏறும்போது கண் ஒரு மயிரிழை விலகி விழுந்திருக்கிறது. மாரிக்கனி மிஷினை நிறுத்திவிட்டான். ஓட்டு என்று சொல்லியும் ஓட்டவில்லை. சீசன் நேரம், லாரி வாசலில் நிற்கிறது, முதலாளி வந்து எல்லோர் முன்னாலும் கேட்டாராம், "எவன் லென்ஸ் வச்சு பாக்கப் போறான்? தேதி கிழிக்கிறவனுக்கு அம்மன் கண்ணு எப்படி இருந்தா என்ன?" அப்புறம் வேறொருவனை விட்டு மிஷினை ஓட்டிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் நகத்தில் மையே இல்லை. சாப்பிட்டான், எழுந்தான், படுத்தான். விளக்கை அணைத்த பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னான், "அவரு சொல்லுறதும் சரிதான். எவன் பாக்கான்?" அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் பாக்கேன் என்று. இரண்டே வார்த்தை. புஷ்பம் புரண்டு படுத்தாள், சுவர்ப் பக்கம். இதே சுவர். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேல் கோபமாக வந்தது, கோபத்தில் அடித்த அடியில் ஆறாவது ஆணி பாதி இறங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை? அம்மா அப்படி அப்பாவிடம் சொல்லி அவள் காதால் கேட்டதில்லை, அதனால்தான். அம்மா அப்பாவை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் புகழ்ந்திருக்கிறாள், அதுவும் பக்கத்து வீட்டாரிடம்: கத்தரிக்காய் பார்த்து வாங்குவார் என்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றாத மனுஷன். ரிட்டயர் ஆகி மாலையோடு வந்த அன்றைக்கு அம்மா வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சோறு ஆறுது வாங்க என்றாள். புருஷனைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும், அடுத்தவர் கண் அல்ல, பெண்டாட்டி கண்ணே பட்டுவிடும். இது யார் சொன்னது? யாரும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் நாக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"ஏத்தா, வீட்ட இடிக்கியா கட்டுதியா?" என்று வாசலில் குரல் கேட்டது. சீனியம்மாக்கா. சுத்தியலைத் திருப்பி வாங்க வந்த சாக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். அதில் தப்பில்லை, அந்தத் தெருவில் எந்த வீட்டில் கடுகு தாளித்தாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். உள்ளே வந்தாள். கருப்பு, அடுத்து சிவப்பு, இரண்டும் சுவரில் இருந்தன. நீலம் புஷ்பத்தின் கையில். மஞ்சள் கட்டிலில். அக்கா மஞ்சளிடம் போய்க் குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். நிமிர்ந்தாள்.

"என்னத்தா இது, கண்ணில்லாத சாமி?"

"நாலும் சேந்தாத்தாங்க்கா ஒரு அம்மன். கண்ணு இந்தாருக்கு, கருப்புல."

"அது எங்கயோ இருக்கட்டும். இதுல இல்லைல்ல? கொறப்பட்ட சாமிய வீட்டுல மாட்டக் கூடாது தாயி. ஒடஞ்ச சாமியவே ஆத்துல விட்டுருவோம். நீ வெலக்கமாத்த எடுத்து வச்சாலும் வைக்கலாம், இத வைக்காத. அதுவும் வெள்ளிக்கெழம."

"அவுக அடிச்சதுக்கா. எங்க வீட்டுல அவுக."

இதை அவள் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. குரல் வேறு ஒரு மாதிரி ஏறிவிட்டது. சீனியம்மாக்கா அவளைப் பார்த்தாள். "யாரு, மாரிக்கனியா? இத அவனா போடுதான்? அவன் மிஷினு தொடைக்கிற வேலயில்ல பாக்கான்னு நெனச்சேன்." பத்து வருஷமாகப் பக்கத்து வீடு. புஷ்பத்துக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தொடைக்கிற வேலையா, தொடைக்கிற வேலையா என்று மனசுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, நீலத்தை ஆணியில் மாட்டப் போனவள் ஆணி இல்லாத இடத்தில் மாட்டப் பார்த்தாள். அக்கா சட்டத்தின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே படத்தைப் பார்த்தாள். வானம் முழுக்க நீலம், கோபுரத்தின் ஒரு பக்கம் நீலம், அம்மன் கையில் நீலக் கிளி, இறகு இறகாக. "கிளி நல்லாருக்கு" என்றாள். "உசிரோட இருக்கு." சொல்லிவிட்டு, ஆனாலும் மஞ்சளை மாட்டாதே, நான் சொல்லிவிட்டேன் என்று எச்சரித்துவிட்டுப் போனாள். சுத்தியலைக் கேட்க மறந்துவிட்டாள்.

அக்கா போனபிறகுதான் பயம் வந்தது. அவள் இருந்தவரைக்கும் வீம்பு இருந்தது, இப்போது வீட்டில் புஷ்பமும் மஞ்சள் தாளும்தான். கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்தாள். கண் இல்லை. கண் இல்லாத இடம் அவளையே பார்ப்பது போல இருந்தது. இதை மாட்டி, அவன் போய், போகிற வழியில் பஸ்ஸுக்கு ஏதாவது ஆகி, சீச்சீ. அல்லது போகாமல் இருந்து, இவள் பேச்சைக் கேட்டு இங்கேயே இருந்து, மிஷினில் கை மாட்டி, போன வருஷம் ஒருத்தருக்கு அப்படி ஆனதாகச் சொன்னானே, இரண்டு விரல். அப்படி ஆனால் யார் குற்றம்? கண்ணில்லாத சாமியை மாட்டினவள் குற்றம். மாட்டாமல் மூன்றை மட்டும் விட்டுவிட்டால்? மஞ்சள் இல்லாவிட்டால் கிளி என்றைக்கும் நீலம்தான். அம்மன் பச்சையம்மன் ஆக முடியாது. முதலில் ஓடுகிற நிறம் மஞ்சள்தான் என்று அவன் சொல்லியிருக்கிறான், வெள்ளைத் தாளில் மஞ்சள் விழுவது கண்ணுக்கே தெரியாது, நோக்காடு பிடித்த வேலை, மற்ற மூன்றும் அதன்மேல்தான் உட்கார வேண்டும் என்று. அப்புறம் இன்னொரு நினைப்பு வந்து இடறியது, காலையிலிருந்து அதை வரவிடாமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். கூடப்பிறந்த அக்கா திருப்பூரில்தான் இருக்கிறாள். போனால் ஒரே தெருவில் வீடு பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலமானால் இரண்டு பேரும் உட்கார்ந்து பூக்கட்டலாம், சேர்ந்து கடைக்குப் போகலாம், இங்கே சீனியம்மாக்காவைத் தவிர யார் இருக்கிறார்கள்? போகலாம் என்றால் அவளுக்கு எவ்வளவு நல்லது. பிறகு எதற்கு இப்படிக் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு ஆணி அடிக்கிறாள்? பேக்கிங் பகுதியில் லென்ஸ் எதற்கு? பனியனை மடித்துப் பெட்டிக்குள் வைப்பதற்கு யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் நோட்டு வைத்துக்கொண்டு, நகம் சுத்தமாக வீட்டுக்கு வருவான். சுத்தமான நகத்தோடு அவன் சோற்றில் கை வைப்பதை நினைத்துப் பார்த்தாள். யாரோ ஒரு ஆள் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருந்தது. புஷ்பம் எழுந்தாள். "கோவிச்சுக்காத தாயே" என்று மஞ்சளிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆணியை எடுத்தாள்.

அதற்கும் இரண்டு ஆணி வீணானது. மாட்டி முடித்து, எதிர்ச் சுவரோடு சுவராகப் போய் ஒட்டி நின்று பார்த்தபோது ஐந்தரை இருக்கும். மேற்கு ஜன்னலில் வெயில் கடைசியாக ஒருமுறை உள்ளே வந்தது. கருப்பில் அம்மன் கண்ணாகவும் கூந்தலாகவும் புருவமாகவும் மட்டும் இருந்தாள். கன்னம் கிடையாது, ஆனால் கன்னம் இருக்கிற இடம் தெரிந்தது. சிவப்பில் உதடும் உள்ளங்கையும் குங்குமமும் எரிந்தன, புடவைக் கரையில் அந்த அகலக் கோடு போகிற நேர்த்தி. நீலம், சீனியம்மாக்கா சொன்னது சரி, உசிரோடு இருக்கிறது. மஞ்சளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்கத்தான் வந்தது, முதலில் சுட்டி, அப்புறம் நெற்றி, அப்புறம் நகை ஒவ்வொன்றாக, கழுத்தில் மூன்று சரம், காதில், மூக்கில், ஒரு தோடும் விடாமல், கருப்பில் வெறும் கோடாக இருந்ததெல்லாம் இங்கே தங்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் முதலில் வந்து தங்கத்தை எல்லாம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது இந்த நிறம். புஷ்பம் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன, கிளி பச்சையாயிற்று. எவ்வளவு பெரிய வேலை இது. அம்மாடி, எவ்வளவு பெரிய வேலை. இதையா தொடைக்கிற வேலை என்றாள், இதையா எவன் பாக்கான் என்று இவனே சொல்கிறான்! கோயிலில் சிலை செய்தவனை ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது, வீட்டுக்கு வீடு அம்மனைக் கொண்டுவந்து சேர்க்கிறவன் பெயர் பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியவில்லை. மாரிக்கனி, என் வீட்டுக்காரர், அவர் கை. சொல்லிப் பார்த்தாள், வாய்விட்டு, ஆளில்லாத வீட்டில். அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை. வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த முடிவோடு முகத்தைக் கழுவி, நசுங்கிய கட்டைவிரலில் மஞ்சள் குழைத்துப் போட்டு, காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். ஒரு செருப்பைக் கழற்றியவன் மறு செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டான். புஷ்பம் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ. அவன் கருப்பைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான், நீலத்தை, மஞ்சளை. ஓரத்தில் வெட்டாமல் விட்டிருந்த குறியைப் பார்த்தான், அதில் அவன் கண் நின்றதை அவள் பார்த்தாள். பிறகு மறு செருப்பையும் கழற்றிவிட்டு, கொல்லைக்குப் போய்க் கை கழுவினான். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கோபமா? கேலி செய்ததாக நினைத்துக்கொண்டானா? வேஸ்ட் தாளைச் சட்டம் போட்டு மாட்டி அவனை அவமானப்படுத்திவிட்டோமா? காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. ஈரக் கையோடு திரும்பி வந்து சுவருக்கு முன்னால் நின்றான்.

"யாரு அடிச்சா ஆணிய?"

"நாந்தான்."

"சிவப்பு ஒரு நூல் எறங்கியிருக்கு."

அவ்வளவுதான். மூன்று மணி நேரம், பத்து ஆணி, ஒரு கட்டைவிரல், கிடைத்தது ஒரு நூல் எறங்கியிருக்கு. அவன் கிட்டே போய்ச் சட்டத்தின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தான். "கருப்பு முன்னால வராதே" என்றான், சுவரிடம்தான் சொன்னான். "மஞ்சள்ல ஆரம்பிக்கணும். மஞ்ச, சிவப்பு, நீலம், கருப்பு." அப்போது அவளுக்கு வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று தெரியாது, அழுகைதான் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

"எனக்கு என்ன தெரியும் எது மொதல்ல எது கடைசின்னு. எவன் பாக்கான், எவன் பாக்கான்னு சொன்னீகள்ல. நான் பாக்கேன். தெனமும் ஒங்க நகத்தப் பாக்கேன். தட்டுல விரிக்கக் குடுத்தீக, அதையும் பாத்தேன். இவ்வளவு நல்லா ஒரு மனுசன் வேல செய்வான்னு நான் கண்டதே இல்ல. போறதுன்னா போங்க. பாக்க ஆளில்லன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீக."

மாரிக்கனி திரும்பி அவளைப் பார்த்தான். பெண் பார்க்க வந்தபோது பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். பிறகு அவள் கட்டைவிரலைப் பார்த்தான், அதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான், மடக்க வருகிறதா என்று கேட்டான். வருகிறது என்றாள். "நூலு இருக்கா வீட்டுல?" என்றான். "நீளமா."

பூக்கட்டுகிற நூலை எடுத்துக் கொடுத்தாள். அவன் நான்கு படத்தையும் இறக்கிக் கட்டிலில் வைத்தான். சுவரின் இந்தக் கோடியில் அவளை நிறுத்தி நூலின் ஒரு நுனியைக் கொடுத்தான், மறு நுனியோடு அவன் அந்தக் கோடிக்குப் போனான். "ஏத்து. இன்னும் கொஞ்சம். போதும், போதும், எறக்கு ஒரு பொட்டு." லென்ஸ் வைத்துப் பார்க்காததுதான் பாக்கி. பென்சிலால் நான்கு இடத்தில் சின்னச் சின்னதாகச் சிலுவைக் குறி போட்டான். அவன் சுத்தியலைப் பிடித்த விதமே வேறு, இரண்டே அடி, ஆணி சொன்னபடி கேட்டது. மஞ்சளை இரண்டு கையாலும் எடுத்து மாட்டினான். பின்னால் நகர்ந்து பார்த்தான். முன்னால் போய் ஒரு விரலால் தட்டினான். மறுபடியும் பின்னால் நகர்ந்தான். அந்த முகம் வந்திருந்தது, ஆவணியில் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த முகம். புஷ்பம் நூலைப் பிடித்தபடி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மணி ஏழு. ராஜதுரை சொன்னால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிற ஆள். மாரிக்கனி ஸ்டூல் மேல் நின்றான், உதட்டில் ஒரு ஆணி, ஒரு கை இரண்டாவது குறியின் மேல் இருந்தது. திரும்பவில்லை. ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான், "நான் வரலைன்னு சொல்லிரு. எனக்கு இங்க வேல இருக்குன்னு சொல்லு."

புஷ்பம் போனை எடுத்தாள். அவன் வரவில்லை என்பதைச் சொன்னாள், அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது என்பதையும் சொன்னாள். அப்புறம் ராஜதுரை கேட்டார், "அப்படி என்னம்மா வேல, போன்ல வந்து ஒரு வார்த்த பேச முடியாத வேல?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"இப்பத்தான் மஞ்சள் ஏறியிருக்கு அத்தான்" என்றாள். "இன்னும் மூணு நெறம் பாக்கி."